மேலே மணல், இரண்டடிக்குக் கீழே வேறு மண்: வாசகர் கேள்விகள்

இந்த மாதம் மிச்சிகனிலிருந்தும் தெற்கு ஒன்டாரியோவிலிருந்தும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: தோட்டத்தில் மேலே மணல், கொஞ்சம் தோண்டினால் சம்பந்தமே இல்லாத இன்னொரு மண். அதனால் உரம், பூச்சி பற்றிய கேள்விகளை அடுத்த மாதத்துக்கு எடுத்து வைத்துவிட்டேன். இந்த மண்ணைப் பல வருடங்கள் குழி வெட்டிப் பார்த்தவன் நான், பதில்கள் கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

கேள்வி: போன வருடம் கிராண்ட் ராபிட்ஸ் பக்கத்தில் புது வீடு வாங்கினோம். வேலிக்குக் கம்பம் நடக் குழி எடுத்தேன். முதல் இரண்டரை அடி கடற்கரை மணல் மாதிரி சுலபமாக வந்தது, அப்புறம் ணங்கென்று சத்தம், கடப்பாரை இறங்கவே இல்லை. கீழே பழுப்பு நிறத்தில் இறுகிய மண், நடுநடுவே கல். வீடு கட்டியவர்கள் இடிபாட்டைக் கொட்டி மேலே மணல் போட்டு மூடிவிட்டார்களா? (மிச்சிகன் வாசகர்)

பதில்: குழியிலிருந்து எடுத்ததில் செங்கல் துண்டு, சிமென்ட், பிளாஸ்டிக், ஆணி ஏதாவது இருந்ததா என்று முதலில் பாருங்கள். எதுவும் இல்லை, கற்கள் மட்டும் விதவிதமாக இருக்கின்றன என்றால் கட்டியவர்கள் மேல் பழி போடாதீர்கள். அது பனி கொண்டுவந்து போட்ட மண். அதற்கு 'டில்' என்று பெயர்.

சுமார் 20,000 வருடங்களுக்கு முன் கனடாவின் பெரும்பகுதியும், இன்றைக்குப் பேரேரிகள் இருக்கிற இடம் முழுவதும் ஒரே பனிக்கு அடியில் கிடந்தது. லாரன்டைட் பனிப்பரப்பு என்பார்கள். அதன் தெற்கு விளிம்பு ஒஹாயோ, இண்டியானா, இல்லினாய் வரை இறங்கியிருந்தது. அவ்வளவு கனமான பனி ஒரே இடத்தில் கிடக்காது, தன் எடை தாங்காமல் மெல்ல மெல்ல வெளிப்பக்கமாக வழியும். வழியும்போது அடியில் கிடக்கிற பாறையைப் பெயர்த்து, பெயர்த்ததை வைத்தே அடுத்த பாறையைத் தேய்த்து, ஆட்டுக்கல்லில் அரைபடுவது போல எல்லாவற்றையும் அரைத்துக்கொண்டே வரும். வடக்கிலிருந்து கிரானைட், வழியில் ஏரிப் பள்ளங்களிலிருந்து சுண்ணாம்புக்கல், டோலமைட், ஷேல், பழைய ஏரிகளின் அடிச்சேறு என்று எது கிடைத்தாலும் அதற்குள் போகும். மாவு போன்ற தூளும் வரும், மாடு அளவுப் பாறையும் வரும். ஆறு அடித்துக்கொண்டு வருவதைத் தரம் பிரித்துப் போடும், கூழாங்கல் ஓரிடம், மணல் ஓரிடம், வண்டல் ஓரிடம் என்று. பனிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. உருகும் இடத்தில் எல்லாவற்றையும் ஒன்றாக அப்படியே விட்டுவிடும். உங்கள் கம்பக் குழிக்கு அடியில் இருப்பது அந்தக் கலவைதான்.

மணல், வண்டல், களி மூன்றும் எதுவும் மிஞ்சாத அளவில் கலந்திருந்தால் நம் ஊரில் இருவாட்டி மண் என்பார்கள். உங்கள் பக்கத்து டில் பெரும்பாலும் அந்த வகைதான், இறுகிப்போனதால் கடப்பாரைக்குக் களிமண் மாதிரித் தோன்றும். பனியின் அடியில் நசுங்கியபடியே படிந்த டில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.8 முதல் 2 கிராம் வரை எடை இருக்கும். நல்ல தோட்டத்து மேல்மண் 1.3 கிராம்தான் இருக்கும். அந்த வித்தியாசம்தான் நீங்கள் கேட்ட ணங் சத்தம்.

அந்தக் கற்களைத் தூக்கிப் போடுவதற்கு முன் கழுவிப் பாருங்கள். வெள்ளைக் கல்லில் ரத்தச் சிவப்பில் கூழாங்கல் துண்டுகள் பதித்த மாதிரி ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். புட்டிங்ஸ்டோன் என்பார்கள். அந்தப் பாறைக்கு ஹூரான் ஏரியின் வடகரையில், ஒன்டாரியோவின் புரூஸ் மைன்ஸ் சுற்றுவட்டாரம்தான் சொந்த ஊர், வயது 200 கோடி வருடங்களுக்கு மேல். மிச்சிகன் தோட்டத்தில் அது கிடைத்தால், பனி எந்தத் திசையிலிருந்து எவ்வளவு தூரம் வந்தது என்பதற்கு உங்கள் கையிலேயே சாட்சி இருக்கிறது. எனக்கு முதலில் கிடைத்ததை இன்னும் மேசைமேல் வைத்திருக்கிறேன்.

கேள்வி: கீழே பனி போட்ட மண் என்றால் மேலே உள்ள மணல் எங்கிருந்து வந்தது? அதுவும் பனியா? (லான்சிங் வாசகி)

பதில்: பனி நேராகப் போட்டதில்லை, பனி உருகிய தண்ணீர் போட்டது. சில இடங்களில் அதற்கப்புறம் காற்றும் கை வைத்தது. தண்ணீர் எப்படிப் போட்டது என்பது இடத்துக்கு இடம் மாறும்.

பனியின் விளிம்பிலிருந்து கோடையில் பெருகி ஓடிய ஓடைகள் களியையும் வண்டலையும் தூரமாக அடித்துக்கொண்டு போய்விட்டு மணலையும் சரளையையும் வழியிலேயே போட்டன. அந்த மணல் டில்லின் மேல் மெல்லிய போர்வையாகப் படிந்த இடங்கள் ஏராளம்.

எனக்கு மிகவும் பிடித்தது ஏரிக் கதை. பனி வடக்கே பின்வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், தண்ணீர் இயல்பாக வெளியேற வேண்டிய வடக்கு, கிழக்கு வழிகளைப் பனியே அடைத்துக்கொண்டு நின்றது. அதனால் பனிக்கும் தெற்கே உள்ள மேட்டுக்கும் நடுவில் ஏரிகள் தேங்கின. இன்றைய மிச்சிகன் ஏரியின் தென்முனையில் சிகாகோ ஏரி, சாகினா வளைகுடாப் பக்கம் சாகினா ஏரி, ஈரி ஏரிப் பள்ளத்தில் மௌமி, விட்டில்சி, வாரன் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஏரிகள் இருந்தன. பனி சற்று விலகிப் புது வழி திறந்தால் நீர்மட்டம் இறங்கும், பனி திரும்ப முன்னேறி வழியை அடைத்தால் ஏறும். சாகினா ஏரியின் தண்ணீர் மிச்சிகன் மாநிலத்தின் குறுக்கே, இன்றைய கிராண்ட் ஆற்றின் பள்ளத்தாக்கு வழியாக, சிகாகோ ஏரிக்குப் பாய்ந்தது. இன்றைக்கு அந்தப் பள்ளத்தாக்கில் ஓடுகிற ஆற்றைப் பார்த்தால் இவ்வளவு சின்ன ஆறு இவ்வளவு அகலமான பள்ளத்தை எப்படி வெட்டியது என்று தோன்றும். அது வெட்டியதில்லை.

இப்போது அந்த ஏரிகளின் கரையை நினைத்துப் பாருங்கள். அலை டில்லை அடித்துக் கழுவுகிறது. களி தண்ணீரில் கலங்கி ஆழத்துக்குப் போகிறது, மணல் கரையோரம் திட்டாகச் சேர்கிறது, நகர முடியாத கனத்த கல் இருந்த இடத்திலேயே நிற்கிறது. அதனால்தான் இந்த நிலங்களில் மணலைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் பல இடங்களில் மணலுக்கும் டில்லுக்கும் நடுவில் ஒரு வரிசை கல் கிடக்கும், பாதை போட்ட மாதிரி. ஏரி வற்றிய பிறகு, புல் பூண்டு முளைப்பதற்குள், காற்று அந்த மணலை அள்ளி இன்னும் உள்ளே வீசியது. சாகினா சமவெளியில் வயல்களுக்கு நடுவே திடீரென்று நிற்கிற மணல் மேடுகளில் பல அப்படி வந்தவை.

கீழே டில், மேலே மணல் என்று சொல்லும்போது ஒரு மண் மேலே கரைந்து இன்னொன்றாக மாறியதாக நினைக்க வேண்டாம். இரண்டும் வேறு வேறு கைகள் வேறு வேறு நேரத்தில் போட்டவை. கீழ்க்கண்ட எல்லாக் கேள்விகளுக்கும் பதில் இதிலிருந்துதான் வருகிறது.

கேள்வி: எங்கள் மனை வெறும் மணல் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் மார்ச் கடைசியிலிருந்து மே வரை பேஸ்மென்டில் சம்ப் பம்ப் (அடியில் சேருகிற தண்ணீரை வெளியேற்றுகிற பம்ப்) ராத்திரி பகலாக ஓடுகிறது. மணலில் தண்ணீர் எப்படித் தேங்கும்? பக்கத்தில் ஆழமாக ஒரு குழி எடுத்துச் சரளை நிரப்பினால் தண்ணீர் கீழே இறங்கிவிடும் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா? (கலமசூ வாசகர்)

பதில்: குழிக்குப் பணம் கொடுக்காதீர்கள். தயவுசெய்து.

மணல் தண்ணீரைத் தேக்காது, உண்மைதான். கையளவு தண்ணீர் ஊற்றினால் ஊற்றிய இடத்தில் நிற்காமல் போய்விடும். ஆனால் போகிற தண்ணீர் எங்காவது போய்ச் சேர வேண்டுமே, இரண்டடி மூன்றடி இறங்கியதும் டில்லின் முதுகில் இடிக்கிறது. மணலில் மணிக்குப் பல அங்குலம் இறங்கிய தண்ணீர் இறுகிய டில்லில் ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தாலும் ஓரிரண்டு அங்குலம் இறங்குமா என்பதே சந்தேகம். மார்ச் கடைசியில் பனி உருகுகிறது, மழையும் சேர்கிறது, மரங்கள் இன்னும் இலை விடவில்லை என்பதால் தண்ணீரை உறிஞ்ச ஆளில்லை. அதனால் டில்லின் மேல் மணலுக்குள்ளேயே ஒரு குளம் கட்டிக்கொள்கிறது. நிஜமான நிலத்தடி நீர்மட்டம் இன்னும் பல அடி கீழே இருக்கலாம், இது அதற்கு மேலே தனியாகத் தொங்குகிற நீர்.

உங்கள் பேஸ்மென்ட் அந்த டில்லை வெட்டி இறக்கியது. அதாவது இறுகிய மண்ணில் ஒரு தொட்டி வெட்டி அதற்குள் வீட்டை வைத்து, சுற்றிலும் பொலபொலவென்று மண் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். டில்லின் முதுகில் பக்கவாட்டில் வழிகிற தண்ணீர் அந்தத் தொட்டியைத் தேடித்தான் வரும். இன்னொரு ஆழக் குழி எடுத்தால் என்ன ஆகும்? டில்லுக்குள் இரண்டாவது தொட்டி கிடைக்கும். அது ஒரே மழையில் நிரம்பி நிற்கும், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது வேறு. கூரைத் தண்ணீர் இறங்குகிற குழாய் எங்கே முடிகிறது என்று முதலில் பாருங்கள், சுவரோரம் முடிந்தால் நீட்டி எட்டு பத்து அடி தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். பாதி வீடுகளில் இதுவே பம்ப்பின் ஓட்டத்தைக் கணிசமாகக் குறைத்துவிடும். அப்புறமும் தீரவில்லை என்றால் வீட்டுக்கு மேட்டுப்புறத்தில் குறுக்காக ஒரு வாய்க்கால் வெட்டி, துளையிட்ட குழாயைச் சரியாக மணலும் டில்லும் சந்திக்கிற மட்டத்தில் படுக்க வைத்துச் சரிவு பார்த்து வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்கு மேலே வைத்தால் தண்ணீர் அடியில் நழுவிப் போய்விடும். குழாய்க்கு மேல் துணியுறை கட்டாயம், இந்த மணல் நைசானது, உறை இல்லாவிட்டால் சில வருடங்களில் குழாய் அடைத்துக்கொள்ளும். இந்தப் பக்கத்து விவசாயிகள் வயலுக்கு அடியில் வடிகுழாய் போடும்போதும் இதே சந்திப்பைத்தான் தேடுவார்கள். வெட்டுவதற்கு முன் 811க்குப் போன் செய்து எரிவாயு, மின்சார இணைப்புகள் எங்கே போகின்றன என்று குறி போடச் சொல்லுங்கள், இலவசம்தான்.

இன்னொன்று. தண்ணீர் எந்த உயரம் வரை ஏறுகிறது என்று தெரிந்துகொள்ள ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டாம். ஆகஸ்டில் எல்லாம் காய்ந்து கிடக்கும்போது குழி எடுத்தாலும் போதும். தண்ணீர் வாரக்கணக்கில் நிற்கிற மண்ணில் காற்று தீர்ந்துபோய் இரும்பு கரைந்து நகரும், மட்டம் இறங்கிக் காற்று நுழைந்ததும் வேறிடத்தில் துருவாக ஒட்டிக்கொள்ளும். அதனால் மண் ஒரே நிறமாக இல்லாமல் சாம்பலும் துருவுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். அந்தத் திட்டுகள் எந்த ஆழத்தில் ஆரம்பிக்கின்றனவோ அதுவரை தண்ணீர் ஏறுகிறது. கிராமப்புறத்தில் செப்டிக் டாங்க் போட இடம் பார்க்க வருகிறவர்கள் குழிச் சுவரை உற்று உற்றுப் பார்ப்பது இதற்காகத்தான்.

கேள்வி: அதே தோட்டத்தில் ஜூலை வந்தால் புல் கருகுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் தோட்டம் பச்சையாக இருக்கிறது. அவர் தண்ணீர் விடுவதே இல்லை. அதே மணல்தானே? (அதே வாசகர்)

பதில்: மேலே அதே மணல்தான். எத்தனை அடி மணல் என்று அளந்தீர்களா?

ஒரு மீட்டர் ஆழமுள்ள மணல் முழுதாக நனைந்து வடிந்த பிறகு, செடி எடுத்துக்கொள்ளக்கூடிய தண்ணீர் அதில் சுமார் 60 மில்லிமீட்டர் இருக்கும். அதே ஒரு மீட்டர் இருவாட்டியில் 160, 170 வரை இருக்கும். நல்ல வெயில் நாளில் புல்வெளி ஐந்தாறு மில்லிமீட்டர் குடித்துவிடும். கணக்குப் போட்டால் வெறும் மணலில் ஒரு மீட்டருக்கு வேர் இறங்கியிருந்தாலும் பத்துப் பன்னிரண்டு நாளில் தீர்ந்துவிடும், புல்லின் வேர் அவ்வளவு இறங்காது என்பதால் நிஜத்தில் நாலைந்து நாள்தான். பக்கத்து வீட்டில் மணல் ஒன்றரை அடிதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேர் டில்லின் மேற்பகுதியைத் தொட்டுவிடும். டில் முழுவதும் பாறை மாதிரி இறுகியது என்று நினைக்க வேண்டாம், அதன் மேல் ஒரு அடி, இரண்டு அடியை உறைபனியும் வேர்களும் ஆயிரக்கணக்கான வருடங்களாகப் பிளந்து பிளந்து கட்டி கட்டியாக ஆக்கி வைத்திருக்கின்றன. அந்தப் பிளவுகளில் வேர் நுழைந்து தண்ணீர் எடுக்கும், ஊட்டமும் அங்கேதான் இருக்கிறது. மணலால் பொட்டாசியம், மக்னீசியம் எதையும் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது, களித்துகள் பிடித்து வைக்கும்.

ஆகவே ஏப்ரலில் உங்களுக்குத் தொல்லை கொடுக்கிற அந்த அடுக்கே ஜூலையில் பக்கத்து வீட்டைக் காப்பாற்றுகிறது. உங்கள் வீட்டில் மூன்றடி மணல், அதனால் உங்களுக்குத் தொல்லை மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று நினைக்கிறேன். புல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பதைவிட ஆழமாக வேர் விடுகிற மரம், புதர் வைப்பது நல்லது. முதல் இரண்டு வருடம் தண்ணீர் ஊற்றிக் கீழே இறக்கிவிட்டால் பிறகு அவை தாமாகவே டில்லைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

கேள்வி: ஒரு லாரி கறுப்பு மண் வாங்கிக் கொட்டினால் சரியாகுமா? (ஆன் ஆர்பர் வாசகி)

பதில்: நான் இங்கே வந்த புதிதில் அதைச் செய்தேன். கொண்டுவந்து இறக்கியது நன்றாகக் கறுப்பாக இருந்தது, பெரும்பகுதி மக்கிய கரிமப்பொருள், நாலு வருடத்தில் மக்கித் தேய்ந்து மணல் திரும்ப எட்டிப் பார்த்தது. காசு போனதைவிட அந்த நாலு வருடத்தில் ஒரே ஒரு முறை ஆழமாகத் தோண்டிப் பார்க்கவில்லையே என்பதுதான் வருத்தம். காய்கறிப் பாத்திக்கு ஒவ்வொரு வருடமும் இலைமக்கு, கம்போஸ்ட் இரண்டு அங்குலம் போடுங்கள், நின்றுவிடாமல் போடுங்கள். குழி எடுக்கும்போது டில் மேலே வந்தால் அதை வீசாமல் உடைத்துத் தூளாக்கி மணலோடு கலந்துகொள்ளலாம், மணலுக்கு அது நல்லது. ஆனால் அதில் சுண்ணாம்பு இருக்கும், அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

கேள்வி: புளூபெரிச் செடி வைத்தேன். ஒரு மூலையில் நன்றாக வருகிறது, இன்னொரு மூலையில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. ஒரே நர்சரியில் ஒரே நாளில் வாங்கியவை. (சவுத் ஹேவன் பக்கத்து வாசகி)

பதில்: நீங்கள் இருப்பது புளூபெரி நாடு. தென்மேற்கு மிச்சிகனில் ஏரிக்கரையோரம் அது இவ்வளவு நன்றாக வருவதற்குக் காரணமே அமில மணலும், அதற்குக் கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கிற தண்ணீரும்தான். புளூபெரிக்கு பிஎச் 4.5 முதல் 5.5 வரை வேண்டும். மணலில் சுண்ணாம்பு கொஞ்சமாக இருந்ததும் பல ஆயிரம் வருட மழையில் கழுவிப் போய்விட்டது, அதனால் அமிலம். கீழே டில்லில் பனி அரைத்த சுண்ணாம்புக்கல்லும் டோலமைட்டும் தூளாகக் கலந்திருக்கிறது, அதன் ஆழமான பகுதியில் பிஎச் எட்டுக்குப் பக்கத்தில் நிற்கும்.

மஞ்சளான செடிக்கு அருகில் தோண்டுங்கள். அங்கே மணல் மெல்லியதாக இருக்கும், அல்லது வீடு கட்டும்போது பேஸ்மென்டிலிருந்து எடுத்த டில்லை அந்த மூலையில் பரப்பியிருப்பார்கள். ஒரு கட்டியை எடுத்து அதன்மேல் சமையலறை வினிகரை விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. நுரை லேசாகத்தான் வரும், காதருகே வைத்தால் சத்தமும் கேட்கும். அப்படி நுரைக்கிற இடத்தில் கந்தகம் போட்டு அமிலமாக்கப் பார்ப்பது வீண், போடப் போட அந்தச் சுண்ணாம்பு தின்றுகொண்டே இருக்கும். செடியைப் பெயர்த்து நல்ல மூலைக்கு மாற்றிவிடுங்கள். காலி இடத்தில் வெந்தயக் கீரை, முட்டைக்கோஸ் போடலாம், சுண்ணாம்பு அவற்றுக்குத் தொந்தரவில்லை.

கேள்வி: மண் அறிவியல் படிக்கிறேன். களப் பதிவில் ஒரு குழியின் மண் அடுக்குகளை மேலிருந்து கீழாக 'ஏ, ஈ, பிஎஸ், 2பிடி, 2சி' என்று எழுதியிருக்கிறார்கள். நடுவில் வருகிற அந்த 2 எதற்கு? மேலே இருந்த களி மழையில் கீழே இறங்கியதாலும் மேலே மணல், கீழே களி என்று ஆகலாமே, இரண்டும் தனித்தனியாக வந்தவை என்று எப்படி நிச்சயமாகச் சொல்கிறார்கள்? (மாணவி)

பதில்: கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். அந்த 2 என்றால் 'இங்கிருந்து இரண்டாவது மூலப்பொருள், அதாவது மண் எதிலிருந்து உருவானதோ அந்தப் பொருள், ஆரம்பிக்கிறது' என்று அர்த்தம். முதல் மூலப்பொருளுக்கு 1 எழுதுவதில்லை. உங்கள் பதிவில் ஏ, ஈ, பிஎஸ் மூன்றும் மணலில் உருவானவை. ஈ என்பது சாம்பல் நிறமாக வெளுத்த அடுக்கு, ஊசியிலை மரச் சருகிலிருந்து இறங்குகிற அமிலம் இரும்பையும் அலுமினியத்தையும் கழுவிக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்ததால் பிஎஸ் செம்பழுப்பாக இருக்கிறது. 2பிடி டில்லின் மேற்பகுதி, களி சேர்ந்த அடுக்கு. 2சி மாறாத டில்.

களி இறங்குவதும் நிஜம்தான், பிடி என்ற எழுத்தே அதைத்தான் சொல்கிறது. அதனால் களியை வைத்து முடிவு செய்யக் கூடாது. மேல் அடுக்கு, கீழ் அடுக்கு இரண்டிலும் களியைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு மீதியுள்ள மணலையும் வண்டலையும் மட்டும் ஒப்பிடுங்கள். மணல் துகள் மழையில் கீழே இறங்காது. ஒரே மூலப்பொருள் என்றால் பெருமணல், நடுமணல், நுண்மணல் விகிதங்கள் மேலும் கீழும் ஏறக்குறைய ஒத்துப்போகும். ஒத்துப்போகாமல் ஓரிரண்டு அங்குலத்துக்குள் தாவினால் அது வேறு பொருள். எளிதில் சிதையாத சிர்கான், டைட்டானியம் தாதுக்களின் விகிதத்தையும் ஆய்வுக்கூடத்தில் பார்ப்பார்கள். நான் முன்னே சொன்ன கல் வரிசை கிடைத்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். எல்லை எல்லா இடத்திலும் கோடு போட்ட மாதிரி இருக்காது, காற்றில் சாய்ந்த மரம் வேரோடு டில்லையும் பிடுங்கி மேலே கொண்டுவந்து கலந்துவிடும், அதனால் ஒரே குழியை நம்பாதீர்கள், நாலு குழி பாருங்கள்.

மாவட்ட மண் வரைபடத்தில் மெட்டியா, மெனாமினி, ஐயோஸ்கோ என்ற மண் வகைப் பெயர்கள் வந்தால் நீங்கள் இந்த 'மேலே மணல், கீழே டில்' குடும்பத்துக்குள் இருக்கிறீர்கள். மெட்டியாவில் மணல் 20 முதல் 40 அங்குலம், அதன் கீழ் இருவாட்டி டில். ஐயோஸ்கோ என்றால் ஈரத்தில் நிற்பது.

கேள்வி: வடக்கு மிச்சிகனில் கிரேலிங் பக்கம் காரில் போனோம். மைல்கணக்கில் ஒரே மாதிரி குட்டைப் பைன் மரங்கள். நடுநடுவே சில இடங்களில் மட்டும் பெரிய மேப்பிள் காடு. மேலே எல்லாம் மணலாகத்தான் தெரிந்தது. காரணம் என்ன? (டெட்ராய்ட் புறநகர் வாசகர்)

பதில்: வண்டியை நிறுத்தி அந்த மேப்பிள் காட்டில் துளை போட்டுப் பார்த்திருந்தால் பல இடங்களில் மூன்று நாலு அடிக்குள் டில்லோ களிக் கீற்றுகளோ அகப்பட்டிருக்கும். சர்க்கரை மேப்பிளுக்கு ஈரமும் சுண்ணாம்பும் வேண்டும். நீங்கள் பார்த்த குட்டை மரம் ஜாக் பைன், அது நிற்பது கிரேலிங் மணல், பல அடி ஆழத்துக்கு மணலைத் தவிர வேறெதுவும் இல்லாத நிலம். அந்த வறட்சியையும் காட்டுத்தீயையும் தாங்குகிற மரம் அதுதான். அதன் காய்கள் தீச்சூட்டில்தான் நன்றாகத் திறந்து விதை விடும்.

அந்த மண்ணைப் படிக்காமல் போனதால் ஒரு தலைமுறையே நொந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிச்சிகனின் வெள்ளைப் பைன் காடுகளை வெட்டித் தீர்த்தார்கள், மிஞ்சிய கிளைக் குப்பையில் தீ பிடித்து மேலே இருந்த மக்கும் எரிந்தது. வெட்டிய நிலத்தைப் பண்ணை நிலமென்று விற்றார்கள். வாங்கியவர்களுக்கு டில் பக்கத்தில் இருந்தால் பிழைப்பு நடந்தது, ஆழமணலில் இருந்தவர்களுக்கு இரண்டு மூன்று அறுவடையோடு முடிந்தது. வரி கட்ட முடியாமல் விட்டுப்போன நிலங்கள் மாநிலத்துக்கே திரும்பின. 1922இல்தான் மிச்சிகன் நிலப் பொருளாதார ஆய்வு என்று ஆரம்பித்து எந்த நிலம் எதற்கு ஆகும் என்று மண்ணைப் பார்த்து வரைபடம் போட்டார்கள். விற்பதற்கு முன் செய்திருக்க வேண்டிய வேலை.

அதே ஆழமணலை நம்பி வாழ்கிற ஒரு பறவையும் இருக்கிறது, கிர்ட்லண்ட் வார்ப்ளர், மஞ்சள் நெஞ்சுக் குருவி. இளம் ஜாக் பைனின் தாழ்ந்த கிளைக்கடியில் தரையில் கூடு கட்டும். மழை பெய்தாலும் தண்ணீர் நொடியில் வடிந்துவிடுவதால் கூடு நனைந்து நிற்காது. 1987இல் பாடுகிற ஆண் குருவிகள் 167 மட்டும் எண்ணிக்கையில் வந்தன. ஜாக் பைனை வெட்டி வெட்டித் திரும்ப நட்டு இளங்காடு எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொண்டதில் பெருகி, 2019இல் ஆபத்துப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். மேயில், ஜூனில் மறுபடி போனால் பாட்டைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: ஸ்கார்பரோவில் ஏரிக்குப் பக்கமாக இருக்கிறோம். தோட்டத்தில் மணல், கத்தரியும் பாகலும் நன்றாகக் காய்க்கிறது. ஆனால் ஏரிக்கரையில் செங்குத்தாக நிற்கிற ஸ்கார்பரோ பிளஃப்ஸ் சரிவைப் பார்க்கும்போதெல்லாம் பயமாக இருக்கிறது. எங்கள் மணலுக்கும் அந்தச் சரிவுக்கும் சம்பந்தம் உண்டா? (டொரான்டோ வாசகி)

பதில்: உண்டு. சுமார் 13,000 வருடங்களுக்கு முன் செயின்ட் லாரன்ஸ் வழியைப் பனி அடைத்திருந்தபோது ஒன்டாரியோ ஏரி இன்றைக்கு இருப்பதைவிடப் பல மாடி உயரம் ஏறி நின்றது. இராகுவா ஏரி என்று அதற்குப் பெயர். தண்ணீர் நியூயார்க் மாநிலம் வழியாக ஹட்சன் ஆற்றுக்கு வடிந்தது. டொரான்டோவில் டேவன்போர்ட் சாலையை ஒட்டி ஓடுகிற மேடு, மேலே காசா லோமா மாளிகை நிற்கிறதே, அது அந்த ஏரியின் கரை. கரைக்குத் தெற்கே ஏரி பரப்பிய மணல் பல இடங்களில் பழைய டில்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் கத்தரிக்காய் வேர் விட்டிருப்பது அந்த மாதிரி மணலில்தான்.

பிளஃப்ஸ் சுமார் 15 கிலோமீட்டர் நீளம், உயர்ந்த இடத்தில் 90 மீட்டர். அங்கே நீங்கள் பார்ப்பது ஒரு மணல், ஒரு டில் மட்டும் இல்லை, பல முறை பனி வந்து போனதில் மணல், களி, டில் என்று மாறி மாறி அடுக்கி வைத்திருக்கிறது. அடியில் ஏரி அலை அரிப்பது ஒரு காரணம். மேலிருந்து மணல் வழியாக இறங்குகிற தண்ணீர் களியிலோ டில்லிலோ இடித்து, கீழே போக வழியில்லாமல் பக்கவாட்டில் வந்து சரிவின் முகத்தில் கசிவது இன்னொரு காரணம். அந்தக் கசிவு மணலை உள்ளிருந்து அரித்து எடுக்கும், மேலே இருப்பது பிடிமானம் இழந்து மொத்தமாகச் சரியும். கலமசூ வாசகரின் பேஸ்மென்டில் நடக்கிற அதே விஷயம், இங்கே 90 மீட்டர் உயரத்தில் நடக்கிறது.

உங்கள் வீடு விளிம்பிலிருந்து சில தெரு தள்ளி என்றால் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதால் ஒன்றும் ஆகாது. விளிம்பை ஒட்டியே வீடு என்றால் நீச்சல் குளம், தெளிப்பான், கூரைத் தண்ணீரைச் சரிவுப் பக்கம் விடுவது மூன்றும் வேண்டாம், மேலும் அங்கே எதையும் கட்டுவதற்கு முன் நிலச்சரிவைப் பார்க்கிற பொறியாளரையும் அனுமதி தருகிற அலுவலகத்தையும் கேட்டாக வேண்டும். பிள்ளைகளோடு பிளஃப்பர்ஸ் பூங்காவுக்குப் போகும்போது சரிவின் அடியிலும் விளிம்பிலும் நிற்காமல், கடற்கரை போல விரிந்திருக்கிற மணலில் தள்ளி நின்று, மழை விட்ட மறுநாள் சரிவின் முகத்தைப் பாருங்கள். காய்ந்த வெளிர் மணலுக்கு நடுவே கிடைமட்டமாகக் கருத்த ஈரக்கோடு தெரியும், சில இடத்தில் அந்தக் கோட்டிலேயே புல்லும் நாணலும் வரிசையாக முளைத்திருக்கும். அந்தக் கோட்டுக்கு மேலே மணல், கீழே தண்ணீரை விடாத மண்.